கார்த்திகையில் ஒன்று குறைகிறது

நட்சத்திரக் காட்சி முடிந்ததும் வானத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். அந்தக் கோளரங்கத்தில் அதுதான் வழக்கம். கல்யாண வீட்டிலிருந்து வாடகைப் பாத்திரத்தை எண்ணித் திருப்பி வாங்குவதில்லையா, அதைப் போலத்தான். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அன்றைக்கு ஒன்று குறைந்தது.

எண்ணியவர் பியூலா மேடம், கோளரங்கத்தின் காப்பாளர். கையில் நீளமான தொரட்டி வைத்திருந்தார். அதன் நுனியால் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். கார்த்திகைக் கூட்டத்துக்கு வந்ததும் நின்றார். மறுபடியும் தொட்டார்.

"ஆறுல அஞ்சுதான் இருக்கு. ஆரம்பிக்கும்போது ஆறு இருந்துச்சு. யாரும் எந்திரிக்காதீங்க," என்றார்.

எழுந்திருப்பது லேசான காரியமும் இல்லை. இருக்கைகள் எல்லாம் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தன. ஒரே ஒருவர் மட்டும் வெளியே ஆட்டோ நிற்கிறது என்று சொல்லிவிட்டுக் கதவை நோக்கி நடந்தார். நடைபாதை நீண்டது. அவர் நடந்தார். அது இன்னும் நீண்டது. கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு கட்டெறும்பு அளவில் தெரிந்தார். பிறகு யாரும் எழுந்திருக்க முயலவில்லை.

நடு வரிசையில் சங்கரபாண்டியன் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கம் மனைவி கோமதி. இருவருக்கும் நடுவில் மகள் தன்யஸ்ரீ, இரண்டாம் வகுப்பு. ஒன்று குறைகிறது என்று கேட்டதும் சங்கரபாண்டியனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அவன் நகைக்கடை ஒன்றில் கண்காணிப்புக் கேமரா பார்க்கிறவன். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். கடையைச் சாத்தினாலும் அவனுக்குச் சந்தேகம் சாத்தாது. கோவிலுக்குப் போனால் ஒரு செருப்பைக் கிழக்கு வாசலிலும் இன்னொன்றைத் தெற்கு வாசலிலும் விடுவான். கோமதி போனைப் பார்த்துச் சிரித்துவிட்டால் போதும், எதற்குச் சிரித்தாள் என்று தெரியும்வரை அவனுக்குச் சோறு இறங்காது.

"நான் பாத்துக்கிடுதேன்," என்றான் கோமதியிடம்.

"என்னத்தப் பாக்கப் போறீங்க?"

"எவன் எடுத்தாம்னு."

"நாம வந்தது நட்சத்திரம் பாக்க."

"அதத்தான் ஒருத்தன் எடுத்துட்டானே."

அவன் பார்க்க ஆரம்பித்தான். முன்வரிசையில் ஒருவர் டோப்பா வைத்திருந்தார். டோப்பாவுக்கு அடியில் தாராளமாக இடமிருக்கும். அவருக்கு அடுத்து ஒரு அம்மாள் ஃப்ளாஸ்க்கை மடியில் இறுக்கி அணைத்திருந்தாள். காப்பிக்கு எதற்கு இவ்வளவு பாசம்? ஓரத்தில் ஒரு புதுப்பெண்ணின் மூக்குத்தி மினுங்கியது. அளவு சரியாகத்தான் இருந்தது. அவள் புருஷன் அடிக்கடி அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று சங்கரபாண்டியன் அவனைத் தள்ளுபடி செய்ய இருந்தான். ஆனால் செய்யவில்லை.

பக்கத்து இருக்கைக்காரர் நாற்காலியாகிக்கொண்டிருந்தார். வாராவாரம் வருகிறவர். இடுப்புவரை ரெக்சின் ஏறிவிட்டது. நாற்காலிக்கு மடிப்புகள் அதிகம் என்பதையும் சங்கரபாண்டியன் கவனித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, நீங்க எதும் பாத்தீங்களா?" என்று கேட்டான்.

"நான் இப்பம் பாதி ஆளுதான் தம்பி. பாதி சாட்சிதான் சொல்ல முடியும்."

"பாதியச் சொல்லுங்க."

"எடுத்தது யாருன்னா..."

அதற்குள் ரெக்சின் வாய்வரை வந்துவிட்டது. சங்கரபாண்டியன் மரியாதைக்குக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

பியூலா மேடம் தொரட்டியைத் தரையில் தட்டினார்.

"அடுத்த காட்சிக்கு ஆளுங்க வெளிய நிக்கிறாங்க. அஞ்சு கார்த்திகைய வச்சுக் காட்சி நடத்த முடியாது. உங்க டிக்கெட்ல லேசர் கச்சேரியும் சேந்துதான் இருக்கு. அத இப்ப நடத்திருவோம். குடும்பத்துக்கு ஒரு லேசர் டார்ச் வரும். பாட்டு ஓடும்போது யார் மேல சந்தேகமோ அவங்க மேல அடிங்க. பாட்டு முடியிறப்ப யார் மேல வெளிச்சம் அதிகமா இருக்கோ, அவங்க வானத்துக்கு ஏறிப் போய் அந்த எடத்துல எரியணும்."

"திரும்பி எப்ப வரலாம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"நட்சத்திரம் திரும்பி வந்ததும்."

"சின்னப் பிள்ளைகளுக்கு எதும் விலக்கு உண்டா?"

"எடமே சின்னதுதானே. பிள்ளைங்கன்னா இன்னும் பொருத்தமா இருக்கும்."

அது நியாயமாகத்தான் எல்லோருக்கும் பட்டது. ஒருவர் கைகூடத் தட்டினார். டார்ச்சுகள் வரிசையாக வந்தன. கோமதி ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சங்கரபாண்டியன் தன் மகளைப் பார்த்தான். ஊரையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் பார்த்தான்.

தன்யஸ்ரீ வலது கையை இறுக மூடியிருந்தாள். உதடுகளை உள்ளே மடித்து வாயையும் இறுக மூடியிருந்தாள். சாதாரணமாக அவள் வாயை மூட வைக்க ஒரு ஆள் போதாது. கண்கள் மட்டும் மிரண்டு மிரண்டு மேலே வானத்தைப் பார்த்தன. பார்த்தவுடன் தாழ்ந்தன.

"ஏ தன்யா, கைல என்னது?"

அவள் தலையை ஆட்டினாள்.

"எப்பாட்ட சொல்லு."

தலையாட்டல்தான். வாய் திறக்கவில்லை. மூடிய விரல்களின் இடுக்கில் ஏதோ ஒன்று வெள்ளையாக மின்னியது. சின்னதாக, கூராக இருந்தது.

சங்கரபாண்டியன் சட்டென்று அக்கம்பக்கம் பார்த்தான். கடையில் கேமராவில் அவன் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறான். ஒரு தடவைகூட, வேறு யாராவது பார்த்துவிட்டார்களா என்று பார்த்ததில்லை. கையை மூடி, வாயை மூடி, எடுத்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்பது. பாடப்புத்தகத்தில் போடலாம், அப்படி ஒரு திருட்டு முழி. அவன் அவளுடைய கையைத் தன் கையால் மூடிக்கொண்டான். சில்லென்று இருந்தது.

"என்ன வச்சிருக்கா?" என்று கோமதி எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. நீ அங்கிட்டுப் பாரு."

கச்சேரி ஆரம்பித்தது. இருட்டில் மத்தளமும் சிந்தசைசரும் சேர்ந்து அதிர்ந்தன. பச்சைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதலில் டோப்பாக்காரர் மேல் விழுந்தன. அவர் டோப்பாவைக் கழற்றிக் காட்டினார். கோடுகள் விலகின. ஃப்ளாஸ்க் அம்மாள் மேல் விழுந்தன. அவள் காப்பியை மூடியில் ஊற்றி நாலு பேருக்குக் கொடுத்தாள். குடித்தவர்கள் டார்ச்சைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு கோடு நடு வரிசைக்கு வந்தது. சங்கரபாண்டியனின் தோளைத் தடவிக்கொண்டு போய்த் தன்யஸ்ரீயின் கையில் நின்றது.

"அந்தப் பிள்ளை எதையோ மூடிட்டு இருக்கு," என்று ஒரு குரல் சொன்னது.

இன்னொரு கோடு வந்தது. அடுத்து இரண்டு வந்தன. பெரிய மனிதர்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், சாவகாசமாக அவளை நோக்கி டார்ச்சைத் திருப்பினார்கள். அவளுடைய கவுனில் பச்சைப் புள்ளிகள் அம்மைபோல் கூடின. அவள் வாயைத் திறக்காமலே அழுதாள்.

சங்கரபாண்டியன் பயந்தான். வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. என் பிள்ளை எடுத்திருக்கட்டும், இன்னும் ஒரு கூடை எடுக்கட்டும், அதற்காக அவளை மேலே விடுவேனா என்று நினைத்தான். திருடர்களைப் பிடிக்கிறவன் நினைக்கிற நினைப்பா அது? ஆனால் நினைத்தான்.

திருடர்கள் எப்படி இருப்பார்கள் என்று அவனுக்கு மனப்பாடம். முதலில் கதவைப் பார்த்தான். பிறகு சட்டைப்பையைத் தொட்டான். சுட்டுவிட்ட மாதிரி கையை எடுத்தான். இரண்டு கோடுகள் அவன் பக்கம் திரும்பின. தெரியாத பாட்டுக்குத் தெரிந்த மாதிரி தலையாட்டினான். இன்னும் நாலு கோடுகள் வந்தன. கடைசியாக, திருடர்கள் எல்லோரும் தவறாமல் செய்வதையும் செய்தான். பக்கத்து நாற்காலியைப் பார்த்து எதற்கென்றே இல்லாமல் சிரித்தான்.

அரங்கமே அவன் மேல் திரும்பியது. சட்டை பச்சையாகிவிட்டது. ஆனால் ஒன்றிரண்டு கோடுகள் இன்னும் தன்யஸ்ரீயை விடவில்லை. பாட்டு முடியப்போகிற மாதிரி இருந்தது.

"கோமதி, எம்மேல அடி," என்றான்.

"என்னத்துக்கு?"

"அடிங்கேன். சீக்கிரம்."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள்.

"நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா."

"எனக்கு அப்பமே தோணிச்சு," என்றாள் கோமதி. டார்ச்சைத் தூக்கி நேராக அவன் நெஞ்சில் அடித்தாள்.

இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன எதையும் அவள் அவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை. அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் அவளைப் பார்த்து மற்ற டார்ச்சுகளும் அவன் பக்கம் திரும்பிவிட்டன. பெண்டாட்டியே சொன்ன பிறகு ஊருக்கு வேறென்ன வேண்டும்? பாட்டு நின்றது.

பியூலா மேடம் ஏணியோடு வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார். சங்கரபாண்டியன் இரண்டையும் ஒரே இடத்தில் கழற்றினான்.

"பிள்ளையக் கூட்டிட்டு நேரா வீட்டுக்குப் போ," என்றான் கோமதியிடம். "அவ கைய யாரும் பாக்காண்டாம். ஜன்னல மூடி வையி."

"ஜன்னல எதுக்கு மூடணும்?"

"வெளிச்சம் தெரியும்லா."

கோமதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்யஸ்ரீ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வாய் மூடியே இருந்தது. அவன் அவள் உச்சந்தலையில் முத்தம் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினான்.

"எரியத் தெரியுமா?" என்று கேட்டார் பியூலா மேடம்.

"தெரியாது."

"மூச்ச அடக்காதீங்க. அவ்வளவுதான்."

தொரட்டியால் அவன் காலரை மாட்டித் தூக்கி, கார்த்திகையில் காலியாயிருந்த கொக்கியில் தொங்கவிட்டார். சங்கரபாண்டியன் எரிந்தான். அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. கீழே கைதட்டினார்கள். பியூலா மேடம் ஆறுவரை எண்ணிவிட்டுக் கதவைத் திறந்தார். நடைபாதை பழைய நீளத்துக்கு வந்தது. ஆட்டோக்காரரைக் காக்க வைத்தவர் முதல் ஆளாக வெளியேறினார்.

வட்டக்கூரைக்கு ஒரு குணம் உண்டு. கீழே கிசுகிசுப்பது மேலே தெளிவாகக் கேட்கும். மேலே கத்துவது கீழே இறங்காது. அதனால் கோமதி மகளிடம் கேட்டது அவனுக்கு அப்படியே கேட்டது.

"கையத் தொற. எப்பா என்னத்தக் குடுத்தாவ?"

தன்யஸ்ரீ நன்றாகக் குனிந்தாள். தலை முழங்காலைத் தொட்டது. தரையைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தாள்.

"எப்பா ஒண்ணும் குடுக்கல," என்றாள். முன்பல் இருந்த இடத்தில் காற்று போனது. "பல்லு விழுந்துட்டும்மா."

கையை விரித்தாள். உள்ளங்கையில் பால்பல் ஒன்று இருந்தது.

"இத மொதல்லயே சொல்லதுக்கு என்னட்டி?"

"நீதானம்மா சொன்ன, பல்லு விழுந்த வாய வானத்துக்குக் காட்டுனா திரும்ப முளைக்காதுன்னு. இங்க எங்க பாத்தாலும் வானமா இருந்துச்சு."

கோமதி மேலே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நான் எடுக்கல கோமதி! நம்ம வீட்டுல யாருமே எடுக்கல!" என்று சங்கரபாண்டியன் கத்தினான். கொஞ்சம் கூடுதலாக எரிந்ததுதான் மிச்சம். தன்யஸ்ரீ அவனைக் கண்டுபிடித்துவிட்டாள். எப்பா என்று கூப்பிட வாயெடுத்தாள். உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வானத்துக்குத்தானே காட்டக்கூடாது. அவன் இப்போது வானம்.

அதற்குப் பிறகு கோமதி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகளைக் கூட்டிக்கொண்டு குடும்பக் காட்சிக்கு வந்தாள். அதே நடு வரிசையில் உட்காருவார்கள். தன்யஸ்ரீ பொத்திய வாயோடு அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். பல் முளைக்கட்டும், எப்பாவை வாய் நிறையக் கூப்பிடுவாய் என்று கோமதி அவளிடம் சொல்வது மேலே கேட்கும். அவனும் காத்திருந்தான். யார் எடுத்தார்கள் என்கிற யோசனையே அவனுக்கு விட்டுப்போயிற்று.

பல் முளைத்தது. முழுசாக முளைத்த ஞாயிற்றுக்கிழமை தன்யஸ்ரீ புதுக் கவுன் போட்டுக்கொண்டு வந்தாள். விளக்கு அணைந்தது. கார்த்திகை ஏறியது. சங்கரபாண்டியன் மூச்சை அடக்காமல் எரிந்தான்.

அன்றைக்குக் காலையில்தான் அவளுக்குப் பக்கத்துப் பல் விழுந்திருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அவள் அவனைப் பார்த்தாள்.