நான்காம் எண் வாசனை

மூக்கக்காவின் மூக்கை ஏமாற்றும் சரக்கு இன்னும் பிறக்கவில்லை என்பது அந்த இருமல் மருந்துத் தொழிற்சாலை முழுக்கத் தெரிந்த சேதி. பாட்டில் மூடியைத் திருகியதுமே, "இந்தச் சர்க்கரையைத் தீய விட்டவன் யாருடா?" என்று கேட்பாள். தீய விட்டவன் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். வாயில் வைக்க முடியாத கசப்பு மருந்தையும் குழந்தைகள் முகம் சுளிக்காமல் குடிக்கும்படி மாற்றுவது அவள் வேலை. முப்பது வருஷமாகச் செய்கிறாள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. வேலை தெரிந்தவளுக்குக் கர்வம் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

அவளிடம் ஒரு பழக்கம். எதை எதோடு கலக்கிறாள் என்று பெற்ற தாய் கேட்டாலும் சொல்லமாட்டாள். அலமாரியில் உள்ள பாட்டில்களில் எண்கள் மட்டுமே ஒட்டியிருக்கும். எந்த எண் எது என்பது ஒரு சிவப்பு நோட்டில் இருந்தது. அந்த நோட்டு அவள் கைப்பையில் இருந்தது. கைப்பை கழுவுமிடம் வரைக்கும் அவளோடு போகும்.

அதே தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் அவளுடைய கூடப் பிறந்த தம்பி வேலை பார்த்தான். கற்பூரவல்லி இலையிலிருந்து சாறு இறக்கி, சர்க்கரைப் பாகில் கலந்து, இருமலுக்கு ஒரு மருந்து செய்திருந்தான். ஆறு வருஷ உழைப்பு. போன குளிர்காலத்தில் தொழிற்சாலையின் டாக்டரம்மா அதை முந்நூறு பேரிடம் சோதித்தாள். நூறு பேருக்கு மருந்து. நூறு பேருக்கு அதே நிறம், அதே ருசியில் போலி. மீதி நூறு பேருக்கு ஒன்றுமில்லை. எது மருந்து, எது போலி என்று குடிப்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. அந்தப் போலியைச் செய்து கொடுத்தவள் வேறு யார், மூக்கக்காதான். இரண்டையும் நக்கிப் பார்த்த தம்பி, "எது என்னோடதுன்னு எனக்கே தெரியலக்கா" என்று அசந்து போனான்.

"எனக்குத் தெரியுதே" என்றாள் அவள். அவளுக்கு எப்போதும் தெரியும்.

முடிவு சொல்லும் நாளில் முதலாளியின் அறையில் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"எதுவும் குடிக்காதவங்களுக்கு இருமல் சராசரியா ஒன்பது நாள் இருந்துச்சு. மருந்து குடிச்சவங்களுக்கு ஆறு நாள்."

தம்பியின் முகம் மலர்ந்தது.

"இருங்க. போலி குடிச்சவங்களுக்கும் ஆறு நாள்தான். ஏதோ குடிக்கிறோம்ங்கற நம்பிக்கையில வந்த குணமா இருக்கும். இலைச்சாறு தனியா ஒண்ணும் செய்யல."

"அப்போ இதோட நிறுத்திக்கலாம்" என்றார் முதலாளி. கையிலிருந்த ஃபைலை மூடியே விட்டார்.

தம்பி பேனா மூடியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மூக்கக்கா கைப்பையை மடிக்கு இழுத்தாள். போலிக்கும் ஆறு நாளா? சர்க்கரைத் தண்ணீருக்கு அவ்வளவு பவிசு எங்கிருந்து வந்தது?

எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாசனை எண் நான்கு. போலியில் இலையின் மணம் வர வேண்டுமே என்று பாட்டிலுக்கு இருபது சொட்டு விட்டிருந்தாள். நான்காம் எண் என்பது கற்பூரவல்லி எண்ணெய். வாசனைக்குத்தானே என்று விட்டாள். பசும்பால் போலவே இருக்க வேண்டுமென்று பசும்பாலையே ஊற்றிய கெட்டிக்காரி! முப்பது வருஷமாக மணத்தை மணமாகவே பார்த்தவளுக்கு, அதற்குள் மருந்தும் இருக்கும் என்று உறைக்கவில்லை.

நோட்டு மடியில் இருந்தது. வாயைத் திறக்காவிட்டால் ஈ, எறும்புக்குக்கூடத் தெரியாது. மூக்கக்கா மூக்கக்காவாகவே இருக்கலாம். தம்பியின் ஆறு வருஷம் மட்டும் சாக்கடைக்குப் போகும். சீச்சீ, இதுவும் ஒரு பிழைப்பா?

"நிறுத்தாதீங்க" என்றாள். "தப்பு என் மேல. போலியில நான் அந்த இலையோட எண்ணெயை விட்டிருக்கேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "அதை ஏன்மா எழுதித் தரல?"

"எழுதியிருக்கேனே. வாசனை எண் நாலுன்னு."

"நாலுன்னா என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியக் கூடாதுன்னுதானே நம்பர் போடறது!" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இதனால மருந்து வேலை செய்யுதுன்னு ஆகிடாது" என்றாள் டாக்டரம்மா. "சோதனை கெட்டுப்போச்சு, அவ்வளவுதான். திரும்ப முதல்லேர்ந்து செய்யணும். ஆனா நம்பரை நம்பி நான் இன்னொரு தரம் இறங்க மாட்டேன்."

மூக்கக்கா கைப்பையைத் திறந்து சிவப்பு நோட்டை மேசைமேல் வைத்தாள். உயிரைப் பிடுங்கி வைத்தது போலிருந்தது. ஆனாலும் வைத்தாள்.

முதலாளி நோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே ஒரு குளிர்காலம். அதுலயும் ரெண்டும் ஒண்ணாவே வந்தா, இந்தப் பேச்சை இங்க யாரும் எடுக்கக் கூடாது."

வெளியே தாழ்வாரத்தில் தம்பி நின்றுகொண்டிருந்தான். "ஆறு வருஷம்க்கா" என்றான்.

"திட்டணும்னா முழுசாத் திட்டிடு. பாக்கி வைக்காதே. அப்புறம் எனக்கு வேலை இருக்கு."

அவன் திட்டினான். பாக்கி வைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள், முகத்தைக் கழுவினாள், வேலைக்குப் போனாள்.

புதுப் போலியில் அந்த இலையின் மணமும் ருசியும் வேண்டும், ஆனால் இலை கூடாது. அதன் உறவுக்காரச் செடிகள் கூடாது. இஞ்சி, மிளகு, புதினா, தேன், தொண்டைக்கு இதமான எதுவும் கூடாது. பட்டியலைப் பார்த்தவர்கள், "கையைக் கட்டிட்டு நீந்தச் சொல்றாங்க" என்றார்கள். "நான் மிதப்பேன், நீங்க போங்க" என்றாள் அவள். பச்சை வாடைக்கு ஒன்று, கசப்புக்கு ஒன்று, நாக்கில் ஏறும் உறைப்புக்கு ஒன்று என்று தேடித் தேடிக் கலந்தாள். ஒவ்வொன்றின் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதி டாக்டரம்மாவிடம் கையெழுத்து வாங்கினாள். நாற்பது கலவைகளைக் கீழே ஊற்றினாள். நாற்பத்தொன்றாவதைக் கொடுத்தனுப்பினாள்.

குளிர்காலம் வந்து போனது. மறுபடி அதே அறை, அதே நான்கு பேர். மேசைமேல் இரண்டு பாட்டில்கள்: ஒன்றில் 'அ', இன்னொன்றில் 'ஆ'. எது எது என்ற சீட்டு ஒட்டிய உறைக்குள் முதலாளியிடம் இருந்தது.

"குளிர்காலத்துல புதுசா சளி பிடிச்சவங்க எண்ணிக்கை ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்" என்று ஆரம்பித்தாள் டாக்டரம்மா. "அதனால உறையில என்ன இருந்தாலும் சரி, டப்பாவுல 'சளி வராமல் தடுக்கும்'னு போடக் கூடாது."

"போடல" என்றான் தம்பி.

"இருமல் கணக்கு. 'அ' குடிச்சவங்களுக்கு ஒன்பது நாள். 'ஆ' குடிச்சவங்களுக்கு ஆறு."

முதலாளி உறையைக் கையில் எடுத்தார். தம்பிக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நீ மோந்து சொல்லிடுக்கா. எது என்னோடது?"

மூக்கக்கா 'அ'வைத் திறந்து மோந்தாள். 'ஆ'வை மோந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி 'அ'. ஒரு சொட்டு நாக்கில். மறுபடி 'ஆ'. அவள் நெற்றி சுருங்கியது. பிறகு மெல்ல விரிந்தது.

"தெரியலடா" என்றாள். முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. "சத்தியமா தெரியல. என் மூக்கையே ஏமாத்திட்டேன் போ!"

முதலாளி உறையைக் கிழித்தார். சீட்டைப் படித்தார். 'ஆ' பாட்டிலைத் தம்பியின் பக்கம் நகர்த்தினார்.

தம்பி பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "உன் மூக்கு போச்சேக்கா" என்றான், அழுகையும் சிரிப்புமாக.

"போனா போகுது. உன் மருந்து ஜெயிச்சுதுல்ல" என்று சொல்லிவிட்டு, மூக்கக்கா அவனுடைய வெள்ளைக் கோட்டின் முனையை இழுத்து மூக்கைச் சிந்தினாள்.