கிருமியைக் கொல்லாத மாத்திரை

சோழபுரத்து வாய்க்கால் தகராறில் முத்துவீரன் தொடையில் விழுந்த வெட்டு எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. எதிர்த்தரப்பில் ஒருத்தன் தோளை இவனும் பிளந்திருந்தான். போலீஸ் தேடிக்கொண்டிருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. அண்ணன் காளிராஜ் அவனைத் தூக்கிவந்து மாந்தோப்பு பம்புசெட் அறையில் கிடத்தி, வேட்டியைக் கிழித்துக் கட்டினான்.

காளிராஜுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. ஈறு கரைந்து பல்லெல்லாம் ஆடியதால், அந்த வருசம், 1998-ல், ஸ்ரீவில்லிபுத்தூர் பல் டாக்டர் ஜெயபாய் நடத்திய மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தான். மாதம் ஒரு டப்பா மாத்திரை தருவார்கள். டெட்ராசைக்ளினை மாற்றிச் செய்த மருந்து என்று டாக்டர் சொன்னது நினைவிருந்தது. டெட்ராசைக்ளின் புண்ணை ஆற்றும் என்பது ஊருக்கே தெரியும். தம்பிக்கு வேளைக்கு இரண்டாகக் கொடுத்தான்.

நாலாம் நாள் தொடை கறுத்து வீங்கியது. கட்டை அவிழ்த்ததும் சீழ் காளிராஜ் முகத்தில் தெறித்தது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போண்ணே. ஜெயிலுன்னாலும் பரவால்ல" என்றான் முத்துவீரன்.

இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று சொல்லி, காளிராஜ் மாத்திரையை அவன் வாயில் திணித்தான். மறுநாள் மதியம், காய்ச்சலில் பிதற்றிப் பிதற்றியே முத்துவீரன் அடங்கிப்போனான்.

துண்டில் அருவாளைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிய காளிராஜ், நேரே ஜெயபாயின் அறைக்குள் புகுந்தான். காலி டப்பாவை அவர் முகத்தில் எறிந்து, தம்பியைக் கொன்றுவிட்டதாகச் சொல்லி வெட்டினான். தடுத்த அவர் இடது கையில் இரண்டு விரல்கள் துண்டாகி விழுந்தன. அடுத்த வெட்டு தோளில் இறங்கியது. ஜெயபாய் சுவரோடு சரிந்தார்.

"அந்த மாத்திரைய வெட்டுக்காயத்துக்கா குடுத்தே?" என்று மூச்சிரைக்கக் கேட்டார். "கிருமியக் கொல்ற சக்திய எடுத்துட்டுத்தான் அதச் செஞ்சிருக்கு. ஈறு கரையாமத் தடுக்கும், அம்புட்டுதான். ஒன்கிட்ட ரெண்டு தடவ சொன்னேனே, காளிராஜ்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. சொன்னார்தான். அவர் சொல்லச் சொல்ல, ஷிப்டுக்கு நேரமாகிறதென்று இவன் சன்னல் வழியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அருவாளைக் கீழே போட்டான். துண்டால் அவர் மணிக்கட்டை இறுக்கிக் கட்டி, போலீஸ் வரும்வரை பிடித்த பிடியை விடவில்லை.

மருந்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை என்று கோர்ட்டில் சொன்னால் தண்டனை குறையும் என்றார் வக்கீல். காளிராஜ் கூண்டில் ஏறினான். எதிரே ஜெயபாய் குறைவிரல் கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அவிய சொன்னாவ. நாந்தான் காதுல வாங்கல" என்றான். "தம்பியும் ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு கெஞ்சுனான். அதையும் வாங்கல."

ஏழு வருசம் என்று தீர்ப்பானது.