எழுபத்தைந்துக்குள்

…அந்த இரண்டாவது கரண்டியை மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டியிருந்தால் முடிந்தது, எத்தனை ரெய்டர்களின் கணுக்காலுக்கு நீண்ட கை, ஒரு கரண்டி கறிக்குழம்புக்கு நீளவில்லையே, இதை யாரிடம் போய்ச் சொல்வது… ஜெபசெல்வி அப்பாவின் ரெயின்கோட்டுக்குள் வெந்துகொண்டே மாதுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். மழை போய் நாளாகிவிட்டது, அக்டோபர் வெயில் காலையிலேயே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது, வாக்கிங் வந்த மாமாக்கள் அவளுடைய ரெயின்கோட்டைப் பார்த்துவிட்டு எதற்கும் இருக்கட்டும் என்று வானத்தையும் ஒரு தரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும். எழுபத்தைந்து கிலோவுக்குள் இருந்தால்தான் பெண்கள் கபடியில் இறங்க முடியும், இன்று காலை அப்பாவின் கடைத் தராசில் அவள் எழுபத்தைந்தைத் தாண்டி எண்ணூறு கிராம் இருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எடை பார்ப்பார்கள், சாயந்திரம் முதல் மேட்ச், ரயில்வே டீமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்து உட்காரப்போவது இந்தப் போட்டிக்குத்தான், கல்லூரியில் இதுதான் அவளுக்குக் கடைசி வருஷம், இதை விட்டால் அப்புறம்… அப்புறம் என்ன? அதை அவள் நினைப்பதாக இல்லை. ஓடு.

ஞாயிற்றுக்கிழமை தாராவி சர்ச்சில் அசனம். வருஷத்துக்கு ஒரு தரம் ஊரே கூடி உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து, அண்டா அண்டாவாகச் சோறு, எலும்பும் கொழுப்புமாகக் கறிக்குழம்பு, பந்தியில் பரிமாறுகிற பெண்களில் அம்மா அன்னத்தாய்தான் முதல் ஆள். எடை பார்க்கப்போகிற வாரத்தில் அந்தப் பக்கமே போயிருக்கக் கூடாது, போனாள், போனவள் சும்மா நின்றிருக்க வேண்டும், உட்கார்ந்தாள். முதல் கரண்டி அம்மா போட்டது, அது கணக்கில் வைத்திருந்ததுதான், சமாளித்திருக்கலாம். இரண்டாவது கரண்டியோடு பாஸ்டரம்மாவே எதிரில் வந்து நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து அம்மாவின் குரல், “பாஸ்டரம்மா கையால போடுதாவ, வேண்டாங்கப்பிடாதுட்டி, ஜெபம் பண்ணுன சோறு.” ஜெபம் பண்ணின சோற்றை மறுக்கிற தைரியம் தாராவியில் எந்தக் கொம்பனுக்கு இருக்கிறது? சாப்பிட்டாள். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டாள், விரலை வழித்துச் சாப்பிட்டாள், அதுதான் இப்போது ரெயின்கோட்டுக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்று காலை அரிசி மூட்டை நிறுக்கிற மெஷினில் ஏறி நின்றதும் அப்பா செல்லத்துரை எண்ணைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார், “மெஷினு கொஞ்சம் கூடக் காட்டுமாயிருக்கும்ட்டி” என்றார். “அப்பம் இத்தன வருசமா ஊர ஏமாத்திட்டா இருந்திய?” என்றாள் அம்மா. வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். அம்மா நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, கேட்டால் உபவாச ஜெபம் என்கிறாள், யாருக்காக என்று கேட்டால் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்கிறாள். ஊட்டினதும் நீயே, பட்டினி கிடக்கிறதும் நீயே… உன்னோடு எப்படிச் சண்டை போடுவது?

வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை, துடைத்தால் வேகம் குறையும். இந்த உடம்பைப் பற்றிப் பேசாதவர்கள் யார்? வள்ளியூர் அத்தை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து, இவளுக்கு ஒரு சுடிதார் எடுக்கிற துணியில் என் மகளுக்கு இரண்டு தைக்கலாமே என்பாள், அதையும் பாராட்டு மாதிரிச் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்ச், குரூப் போட்டோவில் கடைசி வரிசை, லோக்கல் ட்ரெயினில் நான்காவது ஆளாக ஒண்டிக்கொள்ள இடம் கேட்டால் மூன்று பேரும் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எங்கே நின்றாலும் யாருக்கோ மறைத்துக்கொண்டு நிற்கிறோம் என்ற நினைப்பு, தோளைக் குறுக்கிக் குறுக்கி முதுகே வளைந்துபோயிருந்தது… அப்புறம் கல்லூரியில் அந்த ஸ்போர்ட்ஸ் டே, கயிறு இழுக்கிற போட்டி, வேறு எதற்கும் லாயக்கில்லை என்று கயிற்றின் கடைசியில் நிறுத்தியிருந்தார்கள். எதிர்ப்பக்கம் எட்டுப் பேரும் மூச்சு முட்ட இழுத்தார்கள், முன்னால் நின்ற பெண்கள் சரிந்தார்கள், அவள் கால் மட்டும் ஊன்றின இடத்திலேயே இருந்தது. கோச் ஜெயினுலாப்தீன் சார் கயிற்றைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை, குனிந்து அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏம்மா, காலு நல்லா ஊனுது, கண்ணுதான் தூங்குது. நாளைக்கு கிரவுண்டுக்கு வா” என்றார். ஊரே குறையாகச் சொன்ன ஒன்றை ஒருத்தர் முதல்முறையாகச் சரக்கு மாதிரி நிறுத்துப் பார்த்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நிமிர்ந்து நடந்தாள், தலை கடைகளின் தகரத்தில் இடித்தது, இடிக்கட்டும் என்று விட்டாள்.

லெஃப்ட் கார்னர். களத்தின் இடது மூலை, ரெய்டர் பாடிக்கொண்டு வந்தால் ஏழு பேரில் முதலில் கைக்குக் கிடைப்பதும் மூலை, கடைசியில் தப்ப விடாமல் பிடிப்பதும் மூலை. பொறுமை வேண்டும், சார் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றியது அதைத்தான், அவசரப்பட்டுப் பாயாதே, அவள் திரும்பட்டும், அவளுடைய எடை ஒரு காலுக்கு மாறட்டும், அந்தக் காலை எடு. எடுத்தால் விடாதே. அவள் விட்டதில்லை. முதல் வருஷம் செம்பூரில் ஃபைனல், களத்தில் இவர்கள் பக்கம் மூன்றே பேர், கல்யாண் டீமின் ரெய்டர், தலைக்கு மேலேயே தாண்டிப் போகிறவள் என்று பேர் வாங்கினவள், தாண்டத்தான் செய்தாள், தாண்டின காலின் குதிகால் ஜெபசெல்வியின் இரண்டு கைக்கும் நடுவில் வந்து மாட்டியது. மறு காலால் அவள் உதைத்த உதையில் உதடு கிழிந்து ரத்தம், விரல்களில் ஒன்றுகூடத் தளரவில்லை. மறுநாள் மராத்திப் பேப்பரில் போட்டோ, அதில் ரெய்டர் அந்தரத்தில் அழகாகப் பறந்துகொண்டிருந்தாள், கீழே ஓரமாக ஜெபசெல்வியின் கை மட்டும். அம்மா அந்தக் கையை வெட்டி பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் சிறந்த டிஃபெண்டர் ஷீல்டு, இப்போதெல்லாம் எதிர் டீம் பெண்கள் இவள் நிற்கிற மூலையை விட்டு ஒதுங்கிப் பாடுகிறார்கள், யாரோ அவளுக்குப் ‘பக்கட்’ என்று பேர் வைத்தார்கள், மராத்தியில் இடுக்கி என்று அர்த்தம், அதைக் கேட்க அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. இந்தக் கையை ரயில்வேகாரர்கள் ஒரே ஒரு மேட்ச் பார்த்தால் போதும். பார்க்க வேண்டுமே. பார்க்க வைக்கத்தான் இந்த ஓட்டம்.

“நாக்கு ஒட்டிண்டிருக்கா? துப்புடி, எச்சிலும் எடைதான், துப்பிண்டே ஓடு” என்றாள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த வந்தனா. மாதுங்காவில் மூன்றாம் தலைமுறைப் பாலக்காட்டுக் குடும்பம், அப்பா பேங்க்கில் ஆபீசர், பெண் கபடி ஆடுகிறாள் என்பதை அவர் சொந்தக்காரர்களிடம் இன்றுவரை ‘ஸ்போர்ட்ஸ்’ என்றுதான் சொல்லி வருகிறாராம். வந்தனாதான் இவளுக்கு மாற்று ஆட்டக்காரி, ஜெபசெல்வி எடையில் தோற்றால் சாயந்திரம் லெஃப்ட் கார்னரில் நிற்கப்போகிறவள். அவள்தான் விடியும்போதே வந்து நின்றாள், அவள்தான் கூட ஓடுகிறாள். எதற்கு? ஜெபசெல்வி கேட்டேவிட்டாள், மூச்சு வாங்கியதில் ஒரே வார்த்தை. வந்தனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீ இல்லேன்னா அந்த மூலைல நான்னா நிக்கணும். ரெய்டரெல்லாம் வரிசை கட்டிண்டு எங்கிட்டயே வருவா. பாகல் ஹை க்யா, பைத்தியமா நேக்கு? பேசாம ஓடு.” சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் தாகம் எடுத்த மனசுக்குச் சந்தேகம்தான் முதலில் தோன்றும் போலிருக்கிறது… ஏன் இப்போது மெதுவாக ஓடுகிறாள், என்னையும் மெதுவாக்கவா, பையில் ஏன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அது உள்ளே குலுங்குகிற சத்தம் எனக்குக் கேட்கும் என்று தெரியாதா? பெஞ்ச் பக்கத்தில் வந்தனா நின்றாள், பாட்டிலைத் திறந்து நீட்டினாள், “கொப்பளிச்சுத் துப்பு, முழுங்கிடாதே.” வாய் நிறையத் தண்ணீர். கடவுளே, தண்ணீர் இப்படியா தித்திக்கும்… கழுத்து தானாகவே மேலே போனது, தொண்டை தானாகத் திறக்கப் பார்த்தது, ஒரு மடக்கு, ஒரே ஒரு மடக்கு, யாருக்குத் தெரியப்போகிறது, தராசுக்குத் தெரியும். மரத்தடியில் துப்பினாள். துப்பிவிட்டு அழுகை வந்தது, அழவில்லை, அழுதால் எடை குறையும் என்ற யோசனை அப்புறம்தான் வந்தது, வந்தனாவிடம் சொன்னாள், இரண்டு பேரும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பைத்தியம் மாதிரிச் சிரித்தார்கள்.

பூக்கடைகளைத் தாண்டி, டிகாஷன் வாசனை வருகிற ஹோட்டலை மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டி, போட்டி நடக்கிற ஹாலுக்கு நடந்தார்கள். கால் யாருடையதோ மாதிரிப் பின்னால் வந்தது. அத்தையும் இதைத்தானே சொன்னாள், கொஞ்சம் குறைச்சுக்கோ என்று? இத்தனை வருஷம் பெரிதாக இரு, ஊன்றி நில் என்று சொன்ன ஆட்டமும் கடைசியில் ஒரு தராசைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அதையேதான் சொல்கிறது… இல்லை, அது வேறு, இது வேறு, அத்தை சொன்னது கல்யாணச் சந்தைக்கு, இது நானாக ஏறுகிற தராசு. நானாகத்தான் ஏறுகிறேனா? நானாகத்தான். சந்தேகத்தை அந்த இடத்திலேயே அமுக்கினாள், ரெய்டரை அமுக்குகிற மாதிரி, முட்டி போட்டு. இதை இன்று யோசிக்க முடியாது, நாளைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாம். இன்று எழுபத்தைந்துக்குள் போயாக வேண்டும், அவ்வளவுதான் வேலை.

எடை பார்க்கிற அறையில் ஒரு அதிகாரி அம்மாள் உட்கார்ந்திருந்தாள், மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்தாள், “தோடா ஜாஸ்தி ஹை, பேட்டி” என்றாள், கொஞ்சம் கூடுதல் மகளே என்று, குரலில் வருத்தம் இருந்தது, எண்ணில் இல்லை. இன்னொரு தரம் ஏற அனுமதி உண்டு, நேரம் முடிவதற்குள். ஜெயினுலாப்தீன் சார் ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்துக் கையில் கொடுத்தார். காரிடாரில் ரெயின்கோட்டோடு ஸ்கிப்பிங், குதி, கண்ணில் பூச்சி பறந்தது, குதி, வந்தனா எதிரில் நின்றுகொண்டு வெறுமனே தானும் குதித்தாள், கயிறுகூட இல்லாமல், குதி, அம்மா இப்போது முழங்காலில் இருப்பாள், எழுந்து ஒரு வாய் காபி குடியேன்மா, குதி… எத்தனை நேரம் என்று தெரியவில்லை, யாரோ கயிற்றைப் பிடுங்கினார்கள், யாரோ ரெயின்கோட்டை உரித்தார்கள், காலடியில் தராசு சில்லென்று இருந்தது. எண் ஏறியது, இறங்கியது, தயங்கியது. எழுபத்தைந்து. அதிகாரி அம்மாள் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டாள். முடிந்தது. ஜெயித்தாகிவிட்டது, பாதி ஜெயித்தாகிவிட்டது, இனிமேல் தண்ணீர் குடிக்கலாம், சாயந்திரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் திரும்ப உள்ளே ஏற்றிக்கொள்ளலாம். இறங்கினாள். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கைக்கு அகப்பட்டது வந்தனாவின் மணிக்கட்டு, பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, விடுடி ராட்சசி, கை ஒடியறது!” வந்தனா கத்தினாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு குதித்தாள், வாசலில் நின்ற சார் சிரித்துவிட்டார், நேற்றிலிருந்து முதல்முறையாக. “பிடி இருக்கு, அது போதும்மா. போயி கொஞ்சம் தண்ணியக் குடி, படு” என்றார். ஜெபசெல்வியும் சிரிக்கப் பார்த்தாள். தன் விரல்களைக் குனிந்து பார்த்தாள். அவை அந்த மணிக்கட்டைச் சுற்றி வெறுமனே கிடந்தன. வந்தனா இவள் கண்ணைப் பார்க்காமல் இன்னும் ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டிருந்தாள், இவ்வளவு சத்தமாக எதற்கு, வாசலில் நிற்கிற சாருக்குக் கேட்கட்டும் என்றா… பிடி, இறுக்கிப் பிடி என்று ஜெபசெல்வி விரல்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், அவை இன்னும் இறுக்கவே ஆரம்பிக்கவில்லை.