உடைக்க எடுத்த ஹெல்மெட்

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்துவாள். கத்தாமல் வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றால் விஷயம் பெரிது. அன்று அப்படித்தான் நின்றாள்.

“என் லைனை மூடறாங்களாம்டி. வெள்ள ஹெல்மெட் ரொம்ப விரிசல் விடுதாம். என்னையும் லைன் பொண்ணுங்களையும் வீட்டுக்கு அனுப்பப் போறாங்க.”

எங்கள் தொழிற்சாலையில் இரண்டு லைன். ஒன்றில் கருப்பு ஹெல்மெட், இன்னொன்றில் வெள்ளை. ஒரே பிளாஸ்டிக், ஒரே மாதிரி அச்சு, நிறம் மட்டும் வேறு. வெள்ளை லைனுக்கு அக்காதான் சூப்பர்வைசர். நான் மாடியில் புள்ளிவிவரம் பார்க்கிறவள்.

விறுவிறுவென்று மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் என் அறிக்கையையே எடுத்து என் முன்னால் போட்டார்.

“கருப்பை விட வெள்ளையில மூணு மடங்கு விரிசல்னு நீங்கதானேம்மா எழுதினீங்க? தற்செயலா வர்ற வித்தியாசம் இல்லைன்னும் நீங்கதானே சொன்னீங்க?”

ஆமாம், நான்தான் சொன்னேன். இரண்டு லைனும் ஒரே தரம் என்றால், இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வர நூற்றில் ஒரு வாய்ப்புகூட இல்லை. கணக்கு சரி. ஆனால் ஒரே மாதிரி அச்சில் வருகிற சாமான் எப்படி இப்படி மாறும்? எங்கேயோ இடித்தது. நேராக டெஸ்ட் ரூமுக்கு இறங்கினேன்.

ஹெல்மெட்டைச் சோதிக்க வேண்டுமென்றால் அதை உடைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் உடைத்தால் விற்க என்ன மிஞ்சும்? அதனால் கொஞ்சத்தை எடுத்து உடைத்துவிட்டு, மிச்சத்தைப் பற்றி முடிவு செய்கிறோம். உடைக்கிறவரை எல்லோரும் ‘சுத்தியல் அண்ணன்’ என்போம். அன்று அவர் வெள்ளை ஹெல்மெட் ஒன்றை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், கூடையிலேயே திரும்ப வைத்தார். இன்னொன்றை எடுத்து, மேலிருந்து விழுந்து இடிக்கும் எடைக்கு அடியில் வைத்தார். அதில் லேசாகச் சாம்பல் கறை இருந்தது.

“அதை ஏண்ணே வெச்சிட்டு இதை எடுத்தீங்க?”

“இதுல கறை இருக்குல்ல? எப்படியும் உடைக்கத்தானே போறோம். பளபளன்னு இருக்கறத உடைக்க மனசு வருமா, நீயே சொல்லு?”

“கருப்புல?”

“கருப்புல எங்கம்மா கறை தெரியுது? கைக்கு வந்ததை எடுப்பேன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். அவர் தலையில் அடிக்க முடியாதே, வயதில் பெரியவர்.

அந்தக் கறை எப்போது வரும் என்று அக்காவைக் கேட்டேன்.

“ஷிப்ட் ஆரம்பிச்சதும், அச்சு சூடேறுறதுக்கு முன்னாடி வர்றதுல இருக்கும். பார்க்கத்தான் அசிங்கம், மத்தபடி நல்லாத்தான் இருக்கும்னு மேல ஸ்டிக்கர் ஒட்டிடுவோம்.”

ஒட்டுவார்களாம், ஸ்டிக்கர்! சூடு போதாமல் வந்தவை வலு குறைந்தவையாக இருக்கலாம். அவற்றையே பொறுக்கிப் பொறுக்கி உடைத்தால் வெள்ளை மொத்தமும் மோசமாகத்தானே தெரியும்?

மறுபடி மேனேஜரிடம் போனேன். அச்சிலிருந்து வரும் வரிசைப்படி எண் போட்டு, கம்ப்யூட்டர் குலுக்கலில் எடுத்து, லைனுக்கு நூறு உடைக்க வேண்டும் என்றேன்.

“இருநூறு ஹெல்மெட்டா? அக்காவுக்காகவா?”

“என் கணக்குக்காக சார். அப்பவும் வெள்ளை மோசம்னா, அக்காவ நானே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

சோதனையில் முதல் பத்து வெள்ளையும் தப்பின. லைன் பெண்கள் கைதட்டினார்கள்.

“போதும், நிறுத்துடி!” என்றாள் அக்கா.

“பத்தை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. நமக்குப் பிடிச்ச இடத்துல நிறுத்தினா அது சோதனையே இல்லக்கா.”

“நீ எனக்குத் தங்கச்சியா, எதிரியா?”

“வாய மூடிட்டு நில்லு.”

பதினொன்றாவது விரிசல் விட்டது. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அடுத்ததை வைக்கச் சொன்னேன்.

கடைசியில் வெள்ளையில் ஆறு விரிசல் விட்டிருந்தன, கருப்பில் ஏழு. அந்த ஒன்று ஒரு வித்தியாசமே இல்லை.

“சரிம்மா, ரெண்டும் ஒண்ணுதான். லைன் இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு மேனேஜர் கிளம்பினார். பெண்கள் அக்காவைக் கட்டிக்கொண்டார்கள். அவள் அழுதாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. விரிசல் விட்ட கருப்பு ஏழின் எண்களைப் பார்த்தேன். எல்லாமே ஷிப்ட் தொடக்கத்தில் வந்தவை. கருப்பிலும் அதே அரைச் சூட்டுச் சரக்குதான். கறை தெரியாததால் யாரும் தேடி உடைக்கவில்லை. நேராகக் கடைக்குப் போயிருக்கிறது.

அக்காவை ஓரமாக இழுத்துப் போய் அதைச் சொன்னேன். “இதை வெளிய சொன்னா ரெண்டு லைனும் நிக்கும். நீ இப்பத்தான் தப்பிச்சிருக்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வெளிய போனதுல எத்தனை இப்படி இருக்கும்?”

“நூத்துக்கு ஆறு ஏழு. கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம்.”

“அப்போ ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒருத்தர் தலை இருக்குமேடி.”

அக்கா திரும்பி வேகமாக நடந்தாள். தன் லைனுக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். வெள்ளை நின்றது. அதே வேகத்தில் கருப்பு லைனுக்கு நடந்தாள். அங்கிருந்த சூப்பர்வைசர் குறுக்கே ஓடிவந்தார். நான் அவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றேன். கருப்பும் நின்றது.

“யாரு நிறுத்தினது?” என்று மேனேஜர் வாசலிலிருந்து கத்தினார்.

“நாங்கதான் சார்,” என்றேன்.