தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

லோகேஸ்வரியைச் சட்டமன்றத் தேர்தலில் நிறுத்தியபோது, அந்தத் தொகுதியைத் தொட கட்சியில் வேறு ஆளே இல்லை. தோற்பது உறுதி என்று தெரிந்த இடத்தைத்தான் பெண்களுக்குக் கொடுப்பார்கள். எல்லாக் கட்சிக்கும் அந்தப் பெருந்தன்மை உண்டு. அவளோ சிடாம் கிரிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகள். சுங்கைப் பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் சூப்பர்வைசர். மைக்கைப் பிடித்துப் பேச வராது. ஆனால் வீடு வீடாக நடக்கத் தெரியும். நடந்தே ஜெயித்துவிட்டாள்.

அந்தப் பிரசார நாட்கள் முழுக்க அவளுடைய ஆட்களுக்குச் சோறு போட்டவள் புக்கிட் செலாரித் தோட்டத்துப் பிச்சையம்மாள். வயது அறுபதைத் தாண்டியிருந்தது, வாய்க்கு மட்டும் இருபது. நெத்திலிச் சம்பலும் பருப்பும் வைத்தாளென்றால், எதிர்க்கட்சிக்குக் கொடி கட்டியவன்கூட வெட்கத்தை விட்டு வந்து உட்காருவான்.

"இவ்ளோ செய்றீங்களே அக்கா, உங்க ஓட்டு நமக்குத்தானே?" என்று லோகேஸ்வரி ஒருநாள் விளையாட்டாகக் கேட்டாள்.

"எனக்கு ஏதும்மா ஓட்டு? சிவப்பு ஐசி லா. ஓட்டுத்தான் போட முடியாது, சோறாச்சும் போடுறேன்."

சிவப்பு அடையாள அட்டை என்றால் நாட்டில் இருக்கலாம், ஆனால் குடிமகள் இல்லை; குடிமக்களுக்கு நீலம். நாடு விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்கு அடுத்த வருடம் அதே தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி முதுகு வளைந்தவள் பிச்சையம்மாள். பிறப்புப் பத்திரம் மட்டும் இல்லை. அவள் பிறந்தாள் என்பதற்கு அவளே நேரில் வந்து நின்றாலும் செல்லாது.

"நான் ஜெயிச்சா உங்களுக்கு நீல ஐசி எடுத்துக் குடுக்கிறேன் அக்கா."

பழுத்த அரசியல்வாதியாக இருந்தால் 'பார்க்கலாம்' என்று சொல்லி நகர்ந்திருப்பான். இவள் புதுசு, வாக்கைக் கொடுத்துவிட்டாள்.

ஐந்து வருடத்தில் கால்வாய் வந்தது, தமிழ்ப்பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்தது, கோயிலுக்குப் போகும் சாலைக்குத் தார் வந்தது. பிச்சையம்மாளின் மனு மட்டும் போன வழியே திரும்பி வந்தது, மூன்று முறை. தகப்பன் அம்மாசி, தாய் வீராயி. இந்தப் பெயர்களில் எந்தப் பிள்ளையும் பதிவாகவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரே பதில்.

அடுத்த தேர்தலில் காற்று மாறியது. முந்நூற்றுச் சொச்சம் ஓட்டில் லோகேஸ்வரி தோற்றுப்போனாள். மறுநாள் காலை கைப்பேசி அடிக்கவே இல்லை. ஐந்து வருடத்தில் முதன்முறையாக இட்லியைச் சூடாகச் சாப்பிடலாம் என்று உட்கார்ந்தாள், கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது ஆறிப்போனது. மத்தியானம் பிச்சையம்மாள் பஸ் ஏறி, டிபன் கேரியரோடு வந்து நின்றாள்.

"தோத்தவளுக்குப் பசிக்காதா? சாப்பிடு."

லோகேஸ்வரி அழுதுவிட்டாள். பதவி போனதற்காக அல்ல. கொடுத்த வாக்கு அந்தச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த வருடம், அவளோடு கட்சி வேலை பார்த்த திவாகரனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு பிறந்த குழந்தை. கோலா கெத்திலில் இருக்கும் அவன் வீட்டுக்குப் பார்க்கப் போனாள். பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற பழைய சடங்கை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். பெற்றவள் குழந்தையை அடுத்த வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். பிள்ளை இந்த வீட்டுடையதில்லை என்றாகிவிட்டால் எமன் தேடி வரமாட்டான் என்று கணக்கு. இந்தக் காலத்தில் தவிட்டுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு ஷாமளா சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய ஓட்ஸை ஒரு குவளை அள்ளி வந்து கொடுத்தாள்.

"இனிமே இது என் பிள்ளை லா. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். லோகேஸ்வரியும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. பிள்ளை தங்காத வீட்டில்தானே பிச்சை என்று பெயர் வைப்பார்கள்? காபியைக் கையில் வாங்காமலே காருக்கு ஓடினாள்.

புக்கிட் செலாரியில் பிச்சையம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களைத் தவிட்டுக்கு வித்தாங்களா?"

"ஆமா. எனக்கு முன்னால மூணு செத்துப்போச்சு. அடுத்த வீட்டு இருளப்பன் பொண்டாட்டிதான் வாங்கினா. எங்கம்மா ரெண்டு வருசம் யார்கிட்டயும் என்னைத் தன் பிள்ளைன்னே சொல்லலையாம்."

"கிராணி வந்து கேட்டப்போ?"

பிச்சையம்மாளின் கை கீரையிலேயே நின்றது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிதான் அந்நாளில் பிறப்புகளை எழுதி டவுனுக்கு அனுப்புவார். எமனுக்கே பொய் சொல்லத் துணிந்த தாய், கிராணிக்கு மட்டும் உண்மை சொல்லியிருப்பாளா?

நான்காம் மனுவில் இருளப்பன் பெயரைப் போட்டு, பதிவு அலுவலகத்தில் தேடச் சொன்னாள் லோகேஸ்வரி. இருந்தது! பிச்சையம்மாள், பெண், இருளப்பன் மகள், புக்கிட் செலாரித் தோட்டம். அறுபத்தைந்து வருடமாக அவள் அடுத்த வீட்டுப் பிள்ளையாகவே ஏட்டில் பத்திரமாக இருந்திருக்கிறாள். லோகேஸ்வரி மூடி மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினாள். ஜித்ராவிலிருந்து இருளப்பனின் மகள் சாந்தினி வந்து, "எங்கம்மா வாங்கின பிள்ளை, பெத்த பிள்ளை இல்ல" என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டாள். கதையைக் கேட்ட மலாய் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தங்கள் கம்போங் கிராமத்திலும் நோஞ்சான் பிள்ளைகளை இப்படிப் பெயருக்கு வேறு வீட்டில் கொடுப்பதுண்டு என்றார்.

ஒரே ஒரு சிக்கல். பெற்றோர் பெயரை மாற்ற வேண்டுமென்றால் வழக்கு, வருடக்கணக்கு. பத்திரத்தை இருக்கிறபடியே ஏற்றுக்கொண்டால் குடியுரிமை சீக்கிரம் கிடைக்கும்.

"உங்க அம்மா பேரு அதுல இருக்காது அக்கா," என்றாள் லோகேஸ்வரி.

 பிச்சையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் பொழைக்கணும்னுதானே அவ தன் பேரை விட்டுக்குடுத்தா? அப்படியே இருக்கட்டும்மா. எங்கம்மா கெட்டிக்காரி."

நீல ஐசி வந்தது. அடுத்த தேர்தலும் வந்தது. கட்சி மறுபடியும் லோகேஸ்வரியையே நிறுத்தியது.

ஓட்டுப்பதிவு நாளில் அவள் தமிழ்ப்பள்ளி வாசலுக்கு வந்தபோது மணி எட்டரை. பட்டுச்சேலையும் பூவுமாகப் பிச்சையம்மாள் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். மையிட்ட விரலைத் திருநீறு வைத்த நெற்றியைப் போலப் பத்திரமாகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அக்கா!" லோகேஸ்வரி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"மை ஈரமா இருக்கு, அழிச்சிடாத. யாருக்குப் போட்டேன்னும் கேக்காத. ரகசியம் லா, உள்ள எழுதியே ஒட்டியிருக்கான்."

லோகேஸ்வரிக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. "கேக்கலக்கா. மத்தியானத்துக்கு என்ன குழம்பு?"

பிச்சையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குழம்பா? இன்னிக்கு நான் ஓட்டுப் போட வந்தவ. போய்க் கடையில சாப்பிடு."