முதலில் பாதங்கள்

"ஷூவைக் கழட்டிடணும்மா" என்றார் இறுதிச் சடங்குக் கடைக்காரர்.

அரை மணி நேரம் மல்லுக்கட்டி அப்போதுதான் கணவனின் இடது காலை உள்ளே நுழைத்திருந்தாள் கனாயே. உயிர் போன கால் வளைந்து கொடுக்காது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டுத் தள்ளித் தள்ளி நகம் பெயர்ந்திருந்தது.

"அடிப்பாகம் ரப்பர். எரியுறப்ப கரும்புகை வரும், எலும்புல கறையா ஒட்டிக்கும். தகனக் கூடத்துல ஏத்துக்க மாட்டாங்க."

"இவரோட அக்கா போடச் சொன்னாங்க. சர்ச்சுக்குப் போட்டுட்டுப் போற ஷூ."

"அவங்க வந்துட்டு இருக்காங்களா?"

"ஜமைக்காவுல இருக்காங்க."

அவர் கால்மாட்டில் குனிந்தார். "அப்ப கழட்டிடலாம்" என்றார்.

வெர்னா அக்கா கேட்டது இரண்டே விஷயம். ஷூ இரண்டாவது. முதலாவது மண். டெல்ராய் செவ்வாய்க்கிழமை காலை மாவட்ட ஆஸ்பத்திரியில் இறந்த உடனே கனாயே போன் செய்தபோது, வெர்னா அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "மண்ணுல வை, கனாயே. நெருப்புல மட்டும் வச்சிடாத. எங்கம்மா, எங்கப்பா, எல்லாருமே மண்ணுக்குள்ளதான் படுத்திருக்காங்க. கர்த்தர் எழுப்புற நாள் வந்தா எல்லாரும் எழுந்திருப்பாங்க. இவன் மட்டும் இல்லாமப் போயிடக் கூடாது."

"சரிக்கா" என்றாள் கனாயே. துக்கத்தில் இருப்பவரிடம் முடியாது என்று சொல்லி அவள் வளரவில்லை. அந்த ஊரில் யாருமே அப்படி வளரவில்லை.

அதோடு போயிருந்தால் தேவலை. டெல்ராயும் கேட்டிருந்தான். போன இலையுதிர் காலத்தில், கணையத்தில் வந்திருப்பது என்னவென்று தெரிந்த வாரம், பழைய செய்தித்தாளை விரித்து நகம் வெட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "என்னை எரிச்சிடாத, என்ன?" என்றான். அவனுக்கும் சரி என்றாள். நகராட்சி அலுவலகத்துக்குப் போய் விசாரிக்கவும் செய்தாள். எழுத்தர் நான்கு கோப்புகளைப் புரட்டினார். தான் வேலைக்குச் சேர்ந்த பிறகு இந்த ஊரில் யாரையும் புதைத்ததில்லை என்றார். வெளிநாட்டவரைப் புதைக்க ஓர் இடம் இருந்தது. வண்டியில் இரண்டு நாள் தூரம், அனுமதித் தாள்களுக்கு மூன்று நாள், ஐஸ் வைத்த வாகனம். அதாவது, முடியும். அவளைத் தின்றுகொண்டிருந்தது அதுதான். முடியவே முடியாது என்றிருந்தால் நிம்மதியாக அழுதிருப்பாள். ஒன்பது இரவுகள் தூங்காமல் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளிடம், இந்தக் கடைக்காரர் இதே பணிவோடு, "வழக்கப்படியே செஞ்சிடலாமா?" என்று கேட்டார். அவருக்கும் சரி என்றாள்.

மாசுயோ கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து தோளிலிருந்த பனியைத் தட்டினாள். டெல்ராய் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் சமையற்காரி, அறுபத்தோரு வயது, கட்டையான உருவம். கையில் துணிப்பை. அதிலிருந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்தாள். பள்ளிக்கூடத்துக்குள் போட்டுக்கொள்ள, கெட்டித் துணியால் தைத்த உள்செருப்பு. ஒன்று இன்னொன்றைவிட விரற்கடை நீளம்.

"அவரோட அலமாரியிலேர்ந்து எடுத்துட்டு வந்தேன். யாரையும் கேக்கல" என்றாள்.

டெல்ராய் கால் அளவுக்கு அந்த மாவட்டத்திலேயே செருப்பு கிடையாது. வந்த வருடம் விருந்தினர் செருப்பில் பாதிக் குதிகால் வெளியே தொங்க நடந்தவனைப் பார்த்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள்; பிறகு தையல் வகுப்பில் இதைத் தைத்துக் கொடுத்தார்கள். அப்புறம் வருடம்தோறும் ஆறாம் வகுப்பு தைப்பது என்றாகிவிட்டது. கடைக்காரர் செருப்பைத் திருப்பி அடிப்பாகத்தை அமுக்கிப் பார்த்தார்.

"துணிதான். இதைப் போடலாம்."

செருப்பு வம்பு செய்யாமல் ஏறியது.

கடலோரமான அந்தச் சிற்றூரின் மூன்று ஆரம்பப் பள்ளிகளில் பதினேழு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தான் டெல்ராய். வந்த முதல் வாரத்திலேயே ஆறு வகுப்பறைகளின் நிலைப்படியிலும் தலையை இடித்துக்கொண்டான். மறு திங்கட்கிழமை போனால் எல்லா நிலைப்படியிலும் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. ஒட்டியது யார் என்று அவன் கேட்டான், ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மத்தியானச் சாப்பாடு வகுப்பு மாற்றி வகுப்பு, பிள்ளைகளோடு குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் முட்ட. சாப்பிட்டதும் பெருக்கித் துடைக்கும் நேரம். பிள்ளைகளோடு அவனும் மண்டியிட்டு ஈரத்துணியைத் தள்ளிக்கொண்டு நடைபாதையில் ஓடுவான், வேண்டுமென்றே தோற்பான். வீட்டுக்கு வந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும், கனாயேதான் தேய்த்துவிடுவாள். அவ்வளவு பலத்தையும் அங்கேயே செலவழித்துவிட்டு வருகிறானே என்று அவளுக்கு எரிச்சலாக வந்த நாட்கள் உண்டு. டிசம்பர்வரை போனான். நிற்க முடியாத நிலையிலும் போனான்.

அவன் போகும் சர்ச்சின் சபையில் பன்றி இறைச்சி தொடமாட்டார்கள். பள்ளிச் சாப்பாட்டில் அது இல்லாத நாளே குறைவு. விதிப்படி, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும்தான் தனிச் சமையல். படிவத்தில் சாமிக்கென்று கட்டம் கிடையாது. மாசுயோ தானே 'பன்றி: ஒவ்வாமை' என்று எழுதி முத்திரை குத்திவிட்டு, பதினேழு வருடமும் ஒரு சின்னச் சட்டியில் தனியாகச் சமைத்தாள். அந்தப் பொய் ஆஸ்பத்திரிவரை போய்விட்டது. சேர்த்த அன்று நர்ஸ், "பன்றியோட முடி பட்டாலும் தடிப்பு வருமா?" என்று கவலையோடு கேட்டாள். அவன் சிரித்ததைக் கனாயே கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

"நேத்து இவர் நாலாம் வகுப்புல சாப்பிடுற முறை" என்றாள் மாசுயோ, சவப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே. "அட்டவணையை யாரும் மாத்தல. பிள்ளைங்க இவருக்கும் சேத்துப் பரிமாறிட்டாங்க. சோறு, சூப்பு, பாலு எல்லாம். எப்பவும் மிச்சப் பாலுக்குக் கல்லா காகிதமா கத்திரியான்னு கை நீட்டிப் போட்டி போட்டு ரகளை பண்ணுவாங்கல்ல? நேத்து ஒருத்தனும் தொடல. தட்டு அப்படியே என்கிட்டத் திரும்பி வந்துச்சு."

"என்ன பண்ணீங்க?"

"கொட்டணும்னுதான் விதி." மாசுயோ மூக்கைத் துடைத்தாள். "நான் தின்னுட்டேன்."

பெட்டியை வண்டியில் ஏற்றும்போது துணைத் தலைமையாசிரியர் நெமோட்டோ வந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பனியில் நின்றார்.

"பிள்ளைங்களக் கூட்டிட்டு வர்றதுக்குக் கேட்டுப் பாத்தேன். மேலிடத்துல வேணாம்னுட்டாங்க. மனசு பாதிக்கும்னு பெத்தவங்க யாராச்சும் கேட்டா… பாட நேரத்துல ஆசிரியர்களும் வர முடியல. அப்புறம்…" அவர் குரல் இறங்கியது. "வண்டி பள்ளிக்கூடத்துப் பக்கமா வராம இருந்தா நல்லதுன்னு சொல்லச் சொன்னாங்க. மன்னிக்கணும். மன்னிக்கணும்."

குனிந்தவர் நிமிரவில்லை. அவர் தலைமயிரில் பனி விழுந்துகொண்டிருந்தது. பதினேழு குளிர்காலமும், வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் டெல்ராயின் கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி வைத்தது இந்த மனிதர்தான்; ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் கனாயேவுக்கு இருந்தது. "சரிங்க" என்றாள். வண்டி மீன் சந்தைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனது.

சபையின் போதகர் வரும் ரயிலும் பனியில் நின்றுவிட்டது. கனாயேவின் தம்பி ஒசாகாவிலிருந்து இரங்கல் தந்தி மட்டும் அனுப்பியிருந்தான். ஆக, தகனக் கூடத்தின் காத்திருப்பு அறையில் இரண்டு பெண்கள், ஒரு தேநீர்க் கூஜா, சுவரில் ஒரு கடிகாரம். பதினொன்றரைக்கு வெர்னா கூப்பிடுவாள். அங்கே இரவு ஒன்பதரை. வீட்டு முற்றத்தில் சனங்கள் கூடியிருப்பார்கள். புதைக்கிற நேரத்தில் அங்கே பாட்டும் ஆட்டமுமாக விழித்திருப்பது அவர்கள் வழக்கம்.

"எரிச்சது அவங்களுக்குத் தெரியாதா?" என்றாள் மாசுயோ.

"தெரியாது."

"புதைச்சாச்சுன்னு சொல்லிடும்மா. உலகத்தோட அந்தக் கோடியில இருக்காங்க. வந்து தோண்டியா பாக்கப் போறாங்க? பாவம், நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்."

கனாயே கூஜாவிலிருந்து தேநீரை ஊற்றினாள். அதைத்தான் சொல்லப்போகிறோம் என்று காலையிலிருந்து அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்று பத்துக்குக் கதவு திறந்தது. வெள்ளைக் கையுறை போட்ட பணியாள் தலை வணங்கினார். "எலும்பு எடுக்க உறவுக்காரங்க மட்டும் உள்ள வரலாம்." மாசுயோவைப் பார்த்து, "நீங்க அவருக்கு…?" என்றார்.

"அக்கா" என்றாள் மாசுயோ.

பணியாளின் பார்வை மேசையில் இருந்த படத்துக்குப் போனது. கறுப்பு முகம், வெள்ளைப் பல், பள்ளி விளையாட்டு விழாத் தொப்பி. பிறகு மாசுயோவின் முகத்துக்கு வந்தது. "அப்படிங்களா. உள்ள வாங்க" என்றார்.

எலும்புகள் கிடந்த இரும்புத் தட்டு இன்னும் கனன்றது. முகத்தில் சூடு அடித்தது. ஆளுக்கு ஒரு ஜோடி குச்சி. ஒரு எலும்பை இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துத் தூக்கிப் பானைக்குள் வைக்க வேண்டும்.

"முதல்ல பாதங்கள்" என்றார் பணியாள், எல்லோரிடமும் சொல்லும் குரலில். "கீழேர்ந்து மேல போங்க. தலை கடைசியா. அப்பத்தான் உள்ள அவர் நேரா நின்னுட்டு இருப்பார்."

மாசுயோதான் முதலில் குச்சியை நீட்டினாள். பாதம், கணுக்கால், முழங்கால் என்று அவள் குச்சி போகிற இடத்துக்குக் கனாயேவின் குச்சியும் போனது. இடுப்பு வருவதற்குள் பானை முக்கால்வாசி நிரம்பிவிட்டது. பணியாள் சங்கடப்பட்டார். "பெரிய உடம்பு. எல்லாத்தையும் சேக்கணும்னா கொஞ்சம் அழுத்தணும். மன்னிச்சுக்குங்க."

அழுத்தினார். அப்பளம் நொறுங்கும் சத்தம். கனாயே சுவரைப் பார்த்துக்கொண்டாள். இரண்டாவது முறை அழுத்தியபோது காதைப் பொத்திக்கொண்டாள்.

வாடகைக் காரில் ஏறி, வெள்ளைத் துணியில் கட்டிய பானையை மடியில் வைத்ததும் போன் அடித்தது. துணியையும் தாண்டிச் சூடு தொடையில் இறங்கியது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள் போல, அந்தப் பக்கம் ஒரு முற்றமே கேட்டது. பாட்டு, டோமினோ கட்டைகளை மேசையில் அறையும் சத்தம், ஒரு குழந்தையின் இருமல்.

"கனாயே, முடிஞ்சுதா? எவ்வளவு ஆழம் தோண்டினாங்க?"

எவ்வளவு ஆழம். அப்படியொரு கேள்வி வருமென்று அவள் நினைக்கவில்லை. ஆறடி என்று சொன்னால் போதும். வாயில் வந்தும் விட்டது. மடியில் சூடாக இருந்தது.

"தோண்டலக்கா" என்றாள். "எரிச்சிட்டேன்."

போனுக்குப் பக்கத்தில் இருந்தவர்களின் பாட்டு முதலில் நின்றது. தள்ளி இருந்தவர்கள் இன்னும் ஒரு வரி பாடிவிட்டு நின்றார்கள். கடைசியாக ஒரு கட்டை மேசையில் விழுந்தது. பிறகு யாரோ ஒரு பெண் ஓவென்று கத்தினாள். காலடிச் சத்தம், கதவு சாத்தும் சத்தம். வெர்னாவின் மூச்சு மட்டும் மிஞ்சியது.

"சரின்னு சொன்னியே."

"சொன்னேன். செஞ்சிருக்கவும் முடியும். என்னால ஏலல. தூங்கணும் போல இருந்துச்சு, யார் என்ன கேட்டாலும் சரின்னுட்டேன்." அவள் அழுதாள். "அவரும் கேட்டிருந்தாரு அக்கா. அவருக்கும் பண்ணல."

கார் பாலத்தைக் கடந்தது.

"யார் யாரு இருந்தீங்க?"

"நானும், பள்ளிக்கூடத்துல அவருக்குச் சோறு போட்டவங்களும்."

"ரெண்டே பேரா? பதினேழு வருஷம் அங்க வேலை பாத்தவனுக்கு?"

"ரெண்டே பேர்."

வெர்னா ஏதோ முனகினாள். வசவா ஜெபமா தெரியவில்லை. "மிச்சம் இருக்கா?"

"இருக்கு. எல்லாத்தையும் எடுத்தாச்சு. பாதத்துலேர்ந்து ஆரம்பிச்சு வச்சோம். நின்னுட்டுதான் இருக்காரு அக்கா."

"கொண்டு வா" என்றாள் வெர்னா. "எங்கம்மா பக்கத்துல தோண்டி வைக்கிறேன். மொத்தமா கொண்டு வா. ஒரு துண்டுகூட அங்க இருக்கக் கூடாது. உன்கிட்டயும்தான்."

தான் சாகும்வரை பானையை வீட்டில் வைத்துக்கொள்ள இடம் ஒதுக்கியிருந்தாள் கனாயே. புத்தக அலமாரியின் நடுத்தட்டைக் காலையிலேயே துடைத்துவிட்டு வந்திருந்தாள்.

"சரிக்கா."

"இந்தச் சரி எந்தச் சரி, கனாயே?"

"நானே எடுத்துட்டு வரேன்."

போன் அணைந்தது. ஓட்டுநர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாசுயோவுக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் முற்றம் அடங்கியது அவளுக்கும் கேட்டிருக்கும்.

"என்ன சொன்னாங்க?"

"முழுசா வேணுமாம். ஒரு துண்டுகூட இங்க இருக்கக் கூடாதாம்."

மாசுயோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உப்புக் காற்றில் கறுத்த வீடுகள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு தெரு தாண்டிய பிறகு, அவள் கோட்டுப் பைக்குள் கையை விட்டு மடித்த கைக்குட்டை ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். உள்ளே சாக்பீஸ் துண்டு அளவுக்கு ஒரு விரல் எலும்பு.

"பள்ளிக்கூடத் தோட்டத்துல வைக்கலாம்னு பாத்தேன்" என்றாள்.

கனாயே பானைத் துணியின் முடிச்சை அவிழ்த்து மூடியைத் தூக்கினாள். மாசுயோ அதை இரண்டு விரலால் எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். கனாயே மூடியைப் பொருத்தி முடிச்சுப் போட்டு முடிக்கும்வரை மாசுயோவின் கை நீட்டியபடியே இருந்தது. பிறகு காலிக் கைக்குட்டையை நான்காக மடித்து, ஓரங்களை நீவி, பைக்குள் வைத்துக்கொண்டாள்.