வெள்ளி இடுப்புப்பட்டை

தெற்கு ரஷ்யாவில் குபான் ஆற்றங்கரைக் கோசாக்குகள் நாங்கள், பரம்பரைப் போர்வீரர்கள். எங்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போகிற பையனுக்கு, கிளம்புவதற்கு முதல்நாள் விருந்தில் ஒரு வெள்ளி இடுப்புப்பட்டையைக் கட்டிவிடுவது வழக்கம். ஜார் மன்னருக்காக மலைநாட்டைப் பிடிக்கப் போன என் முப்பாட்டன், மூன்று நாள் சண்டை போட்டு அங்கிருந்த சர்க்காசிய மலைக்குடித் தலைவன் ஒருவனை வீழ்த்தி, அவன் இடுப்பிலிருந்து உருவியதாம். அப்படிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அந்தப் பட்டை எங்களில் யார் இடுப்பையும் சுற்றி எட்டியதில்லை. பின்பக்கம் தோல்வார் வைத்துத் தைத்திருக்கிறோம். மலைக்காரன் பட்டினியில் மெலிந்திருப்பான் என்பார் அப்பா. நானும் அதைச் சொல்லிச் சிரித்தவன்தான்.

என் மகன் மத்வேயின் முறை வந்தது. காலையிலிருந்தே அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. ஊரார் முன்னால் மானம் போகிறதே என்று எனக்கு எரிச்சல். பட்டையைக் கட்டும்போது எல்லார் காதிலும் விழும்படியே சொன்னேன்.

"பொம்பள மாதிரி மூக்கச் சிந்தாதடா. இதக் கட்டினவன் எவனும் அழுததில்ல."

விருந்துக்கு நுர்பியும் வந்திருந்தான். சர்க்காசியன். மாவு ஆலையில் பன்னிரண்டு வருஷமாக என்னோடு மூட்டை தூக்குகிறவன். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்தக் கதையை எத்தனையோ முறை அளந்திருக்கிறேன். பட்டையை அன்றுதான் பார்த்தான். கொக்கியைத் தொட்டவன் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றான். நான் விடவில்லை. அவன் வாயால் பாராட்டு கேட்க எனக்கு ஆசை.

"ஸஹார் அண்ணே, எங்க ஆம்பளைங்க கட்டுற வாரு ஒல்லியா இருக்கும். இவ்ளோ பெரிய கொக்கி வச்சு, பூவேலை செஞ்சது... இது கல்யாணப்பொண்ணு கட்டுறது. எங்க அக்காவும் கட்டியிருந்தா."

கல்யாணப்பெண் இடுப்பிலிருந்து பட்டையை உருவ மூன்று நாள் சண்டை எதற்கு? மேசையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. மத்வேய் மட்டும் பார்த்தான்.

"அப்பா, அந்தப் பொண்ண என்ன பண்ணாங்க?"

தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். நுர்பியிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் பையனின் கிளாஸில் வோட்காவை ஊற்றினேன்.

"குடி. ஆம்பளையா இரு."

அவன் குடிக்கவில்லை. பட்டையைக் கழற்றி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். மறுநாள் சாதாரண பெல்ட்டோடு பஸ் ஏறிவிட்டான்.

பட்டையை ஒரு துணியில் சுற்றி, தினமும் ஆலைக்கு எடுத்துப் போகிறேன். நுர்பி எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான். சாயங்காலம் அதை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வருகிறேன். மூன்று மாதமாகிறது.